இந்திராணிக்குப் போட்ட இலை

1

இந்தக் கதை ஒரு சோடாவில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் இருந்த அம்மா, தன் மகள் காதலித்துப் போன வீட்டைப் பற்றி தனக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நாங்க வித்தியாசமே பாக்கறதில்லமா. போறோம், வர்றோம். போனா ஒரு சோடாவாச்சும் குடிச்சிட்டுத்தான் வருவோம்."

சோடா கம்பெனியில் மூடி போட்டு வருவது. அந்த வீட்டுக் கை உள்ளே படுவதில்லை. இதைப் பெருந்தன்மை என்று நம்பிக்கொண்டு அவர் அப்பளத்தை நொறுக்கினார். நான் மோர் வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மாத இதழிலிருந்து போன். கிறிஸ்துமஸ் இதழுக்கு வர வேண்டிய கதை வரவில்லையாம். அவசரமாக ஒன்று வேண்டுமாம். "குடும்பமா உக்காந்து சாப்பிடற மாதிரி முடிங்க மேடம். உங்க ஸ்டைல்ல. கண்ணு கலங்கணும், ஆனா மனசு நெறையணும்."

என் ஸ்டைல் எனக்குத் தெரியும். என் நாவல்களில் யார் எப்படி அடித்துக்கொண்டாலும் கடைசி அத்தியாயத்தில் ஒரு இலை விரியும், ஒரு கவளம் வாய்க்குப் போகும், எல்லாரும் ஒன்றாவார்கள். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

தறிச் சத்தம் ஓயாத அந்தத் தெருவில், கோயில் மணி ஒலிக்க, பாவில் ஓடும் பட்டு இழை போல இளவரசியின் வாழ்க்கையும்…

வேண்டாம். இளவரசி நெசவாளர் வீட்டுப் பெண்தான். ஆனால் கதை நடக்கிற நாளில் அவள் ஏனாத்தூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு கைக்குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறாள். பட்டு இழைக்கு அங்கே வேலை இல்லை.

இரண்டாம் தொடக்கம்:

சாதி என்பது இந்த நாட்டில்…

இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் பந்தியில் பார்த்த அம்மா பக்கத்தைத் திருப்பிவிடுவார். அவர் படிக்க வேண்டும். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது நிற்கட்டும்:

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் இளவரசிக்கு அவள் அம்மா இந்திராணியிடமிருந்து போன் வந்தது.

"நாளைக்கு வர்றோம் இளா. நானும் உன் தம்பியும். புள்ளைய இன்னும் கையில வாங்கல நானு."

இளவரசி குழந்தையின் சட்டையை விட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள். சத்யராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து அம்மா இந்த வாசல் மிதித்ததில்லை. குழந்தை பிறந்தபோதும் ஆஸ்பத்திரிக்குத் தம்பி தினேஷை மட்டும்தான் அனுப்பினாள்.

"வாம்மா. நாளைக்கு கிறிஸ்மஸ், சாப்பாடு இங்கதான்."

"மார்கழி மாசம்டி. நாம கறி சேக்க மாட்டோம், தெரியும்ல."

"தெரியும். சாம்பார் வெச்சிடறோம்."

அம்மா எதுவும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று இளவரசி எடுத்துக்கொண்டாள்.*

* நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எழுதுகிறவளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று நினைக்காதீர்கள்.

3

மாமியார் பொன்னியம்மாளுக்குத் தையல் கடை. கல்லூரிப் பெண்கள் இவளிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் என்றால் கடையில் நிற்க இடம் இருக்காது. மருமகள் சொன்னதும் மிஷினை மூடி உறை போட்டாள்.

"அம்மா, மட்டனுக்குச் சொல்லியாச்சே" என்றாள் மகள் சுகாசினி. சத்யராஜின் தங்கை, வருஷம் முழுக்க இந்தப் பிரியாணிக்காகக் காத்திருப்பவள்.

"கறிய புதுவருஷத்துக்கு ஆக்கிக்கலாம். சம்மந்தி மொத தடவ வர்றாங்க."

"நம்ம வூட்ல, நம்ம பண்டிகைக்கு, அவங்க மார்கழியா? அண்ணி, கோச்சிக்காத. உங்க பொங்கலுக்கு வந்து நாங்க பிரியாணி கேட்டமா?"

"உங்கள எங்க கூப்ட்டாங்க, கேக்கறதுக்கு" என்றாள் இளவரசி. மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

டவுனுக்குப் போனார்கள். மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாங்கி, இலைக்கட்டைச் சண்டை போட்டுப் பிடுங்கிய பிறகு, பொன்னியம்மாள் ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தாள். புதுக் குண்டான், புதுக் கரண்டி, தாளிக்க ஒரு புதுச் சட்டி எடுத்துவைத்தாள்.

"எதுக்கு அத்த? வீட்லதான் இருக்குதே."

"நம்ம குண்டான்ல எல்லாம் கறி வெந்திருக்குது. அவங்க மனசுல ஒரு இது இருக்கக் கூடாது பாரு."

(இந்த இடத்தில் எனக்குப் பொன்னியம்மாள் மீது சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவளாக யார் இருப்பார்கள்? கடையில் வைத்தே எரிச்சலாக ஒரு வார்த்தை சொல்ல வைத்துப் பார்த்தேன். அவள் சொல்லவில்லை. குண்டானைத் தட்டிப் பார்த்து, அடி கனமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். சரி, விட்டேன். கோபம் அவளிடம் இல்லாமல் இல்லை. அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.)

4

சாயங்காலம் சத்யராஜ் மாடியில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தபோது தினேஷ் கூப்பிட்டான்.

"அக்கா, ஒண்ணும் நெனச்சிக்காத. அம்மா சொல்லச் சொன்னாங்க. சம்மந்தியம்மாவுக்கு எதுக்கு வீண் வேலை? சர்ச்சுக்கு வேற போவணும். அதான் ஓட்டல்ல சொல்லிட்டோம். எல்லாருக்கும் சேத்து. வீட்டுக்கே வந்துடும்."

"சாம்பார்தான்டா வெக்கிறோம்."

"ஓட்டல்லயும் சாம்பார்தான்கா."

"அப்ப எதுக்கு ஓட்டலு?"

"புரிஞ்சிக்கோயேன்."

"ஓட்டல்ல யாரு ஆக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் யாருக்கா பாக்கறாங்க."

"அதத்தான் கேக்கறேன். யாருன்னே தெரியாத ஆளு ஆக்குனா வாயில எறங்கும். அத்த ஆக்குனா எறங்காதா?"

தினேஷ் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

காரணம் மார்கழி இல்லை. தை பிறந்தாலும் இதேதான். பிறந்ததிலிருந்து பார்த்த தன் வீட்டை இளவரசி அப்போதுதான் வெளியில் நின்று பார்த்தாள். தறிக்குழியில் அப்பா, எதிர்ப்பக்கம் சேலைக் கரை கோர்க்க உட்கார்ந்திருக்கும் ஆள், அவருக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளர். அந்த டம்ளர் ஏன் தனி என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அத்தையிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் போய் உட்கார்ந்து மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரித்தாள்.

5

பொன்னியம்மாள் புளிக் கரைசலில் கையை வைத்திருந்த நேரத்தில் அவள் தம்பி மணிவண்ணனிடமிருந்து போன். டவுனில் ஒரு சைவ ஓட்டலில் அவன்தான் சாம்பார் மாஸ்டர். சுகாசினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"யக்கா, இன்னாக்கா, வூட்ல அடுப்பு எரியலையா? நாளைக்கு மதியத்துக்கு உன் அட்ரஸ் போட்டு எங்களாண்ட சாப்பாடு சொல்லி இருக்குது. தினேஷ்னு பேரு."

சுகாசினி அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். மணிவண்ணனே கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டான். சிரித்தான்.

"ஓ, சம்மந்தி வூட்டாளுங்களா? அப்ப என் சாம்பாரத் தின்னுவாங்க, உன் சாம்பாரத் தின்ன மாட்டாங்க. எனக்குப் புளி கரைக்கக் கத்துக்குடுத்ததே நீதானக்கா."

இதற்கு அடுத்து நான் முதலில் எழுதியது:

பொன்னியம்மாள் சிரித்தாள். "போவப் போவ சரியாயிடும்மா" என்று மருமகளின் கண்ணைத் துடைத்து…

அடித்துவிட்டேன். ஏன் எப்போதும் இவளே சிரிக்க வேண்டும்? அவமானப்பட்டவர்கள் பொறுமையாக இருந்தால்தான் நமக்குக் கண் கலங்கும் என்று யார் விதித்தது? இருபது வருஷமாகக் குடும்ப நாவல் எழுதுகிறேன், இந்தப் பொறுமையை விற்றுத்தான் பெயர் வாங்கியிருக்கிறேன் என்று…

அந்த வாக்கியம் என்னைப் பற்றிப் போகிறது. விடுங்கள். சமையலறைக்குத் திரும்புவோம்.

பொன்னியம்மாள் கையைக் கழுவினாள். மருமகளைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சாயங்காலம், அத்த."

"தெரிஞ்சிக்கினேதான் வெங்காயம் உரிச்சிக்கினு இருந்தியா."

இளவரசி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா மாகறல் ஊர்ல அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டுட்டு, அவன் வூட்டுப் பின்னால குந்தித் தின்னவ. நான் என் வூட்ல, என் அடுப்பு முன்னால, புதுக் குண்டான் வாங்கி வெச்சிக்கினு அவங்களுக்குப் பயந்துக்கினு நிக்கறேன்." குரல் உயரவில்லை. தைக்கும்போது பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு பேசுவாளே, அந்தக் குரல். "போன் போடு. உங்கம்மாகிட்ட நீ சொல்லு. சாம்பாரும் ஆவும், பிரியாணியும் ஆவும். ரெண்டும் என் கையால. தின்னறதுன்னா வரட்டும். சோடா குடிக்கறதுன்னா பஸ் ஸ்டாண்டுலயே குடிச்சிக்கட்டும்."

"கறிக்கடைக்கு நான் போறேன்" என்று சுகாசினி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இளவரசி போன் போட்டாள்.

"அம்மா, ஓட்டல் சாப்பாட்ட நிறுத்திடு. அத்த ஆக்கறாங்க."

மறுபக்கம் மௌனம். இந்த முறை அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"புள்ளையப் பாக்க வரக் கூடாதா நானு?"

"வா. வந்தா தின்னணும்."

அம்மா வைத்துவிட்டாள். குழந்தை அழுதது. இளவரசி எடுக்கப் போவதற்குள் பொன்னியம்மாள் ஈரக் கையோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

6

இனி எப்படி முடிப்பது? கையில் மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்று: மணிவண்ணன் ஓட்டல் சாம்பாரோடு வருகிறான். இந்திராணி ரசித்துச் சாப்பிட்டு, சமையல்காரர் யார் என்று கேட்கிறாள். "நான்தான், பொன்னியம்மா தம்பி." எல்லாரும் சிரிக்கிறார்கள், நீங்களும் கைதட்டுவீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றி ஊட்டிய சோற்றில் யாருக்கு என்ன மரியாதை?

இரண்டு: இந்திராணி வரவில்லை. இளவரசி ஜன்னலோரம் அழுகிறாள். அழுகை எனக்கு நன்றாக வரும். ஆனால் அதில் இந்திராணி சுலபமாகத் தப்பித்துவிடுகிறாள். வீட்டில் உட்கார்ந்து, மகள் விரட்டிவிட்டாள் என்று நாலு பேரிடம் சொல்வாள்.

மூன்று: வந்தாள், உண்டாள், கலங்கினாள். இதழ்க்காரர் கேட்டது. ஒரு பாட்டி மனசு வைத்தால் போதும், ஊர் சரியாகிவிடும் என்கிற பொய்.

மூன்றையும் ஒதுக்கிவிட்டு, நடக்கட்டும் என்று விட்டேன்.

7

மறுநாள் சர்ச் முடிந்து வந்து, பழைய டேக்சாவில் பிரியாணி தம்மில் இருந்தபோது, வாசலில் கார் நின்றது. தினேஷ் கையை வீசிக்கொண்டு இறங்கினான். ஓட்டல் பார்சல் இல்லை. பின்னாலேயே இந்திராணி, மாம்பழக் கலர்ப் பட்டில்.

"வாங்க சம்மந்தியம்மா" என்றாள் பொன்னியம்மாள்.

"வர்றேங்க."

குழந்தையை வாங்கிக்கொண்டவள் அதன் உச்சந்தலையை முகர்ந்தாள். முகர்ந்துகொண்டே இருந்தாள். அந்த ஒரு நிமிஷம் இளவரசிக்கு எல்லாம் மறந்துபோனது. அம்மா கிடைத்தாள், போதும் என்று தோன்றியது. அந்த ஆசை பொய்யில்லை.

பாய் விரித்து இலை போட்டார்கள். இந்திராணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தினேஷ் கூச்சமே இல்லாமல் பிரியாணிப் பக்கம் நகர்ந்து, "மார்கழிலாம் அம்மாவுக்குத்தான்" என்று சுகாசினியிடம் இலையை நீட்டினான். பொன்னியம்மாள் புதுக் குண்டானோடு சமையலறை வாசலில் நின்றாள்.

இந்திராணி மகளை அருகில் இழுத்து, தாழ்ந்த குரலில் கேட்டாள். "நீதானம்மா ஆக்குன? நம்ம வூட்டு வாசன வருது."

அது கேள்வி இல்லை. மகளுக்கு அவள் நீட்டிய கை அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அம்மா சாப்பிடுவாள், அடுத்த வாரமும் வருவாள், குழந்தைக்குக் கொலுசு வாங்கி வருவாள். அந்த ஒரு வார்த்தைக்குச் சத்யராஜ்கூடக் கோபித்துக்கொள்ள மாட்டான். தாழ்ந்த குரல்தான், ஆனால் அந்தச் சின்ன வீட்டில் எல்லாருக்கும் கேட்டது. சமையலறை வாசலில் நின்றவளுக்கும் கேட்டது.

"இல்லம்மா" என்றாள் இளவரசி. "அத்த ஆக்குனாங்க. நான் வெங்காயம் உரிச்சேன்."

பொன்னியம்மாள் வந்தாள். குனிந்து, இலையில் சோறு வைத்தாள். குழி பறித்துச் சாம்பார் ஊற்றினாள். முருங்கைக்காய் ஒன்று உருண்டு ஓரத்துக்குப் போயிற்று.

"நெய் ஊத்தட்டுமா சம்மந்தியம்மா?"

இந்திராணியின் இடக்கை குழந்தையை அணைத்திருக்கிறது. வலக்கை முழங்கால் மேல் இருக்கிறது.

இந்தக் கையை என் நாவல்களில் எத்தனையோ முறை நான் தூக்கிவிட்டிருக்கிறேன். இந்த முறை மாட்டேன். இளவரசி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். பொன்னியம்மாள் போட வேண்டியதைப் போட்டுவிட்டாள். அவர்கள் இருவரைப் பற்றியும் இனி நான் எழுத ஒன்றுமில்லை. இதழ்க்காரர் போனில், "சாப்ட்டாங்களா மேடம்?" என்று கேட்டார். அவங்களையே கேளுங்க என்றேன்.

கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் இருந்த அம்மா, நீங்கள் இதுவரை படித்திருந்தால், இலை உங்கள் முன்னால்தான் இருக்கிறது. சாம்பார் ஆறிக்கொண்டிருக்கிறது. நெய்க் கரண்டியோடு அவள் இன்னும் நிற்கிறாள்.

பதில் சொல்லுங்கள்.