ஒரு ஜோடிதான் தருவார்கள்

ஓட்டத்துக்கான ஷூக்கள் மட்டுமே விற்கும் அந்தக் கடையில் அவளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. வருகிறவர்களிடம் நிறத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ அவளாகப் பேச்செடுக்க மாட்டாள். வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறீர்கள், தாரிலா மண்ணிலா, மெதுவாக நெடுந்தூரமா, மூச்சு வாங்குகிற வேகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பிறகு தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அவர்கள் போட்டுக்கொண்டு வந்த பழைய ஷூவைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்ப்பாள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, "வலது முட்டி வலிக்குமே உங்களுக்கு" என்பாள். வந்தவர் வாயைப் பிளப்பார். கடை முதலாளி அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்தார். ஃபீஸ் வாங்காத ஒரே டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் சொல்வதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. தினசரி ஓட்டத்துக்குத் தடித்த, மெத்தென்ற அடி வேண்டும். வாரம் ஒரு முறை செய்யும் வேகப் பயிற்சிக்கு அதைவிட மெலிந்தது. மண் பாதைக்கும் மேட்டுக்கும் அடியில் பற்கள் வைத்தது. போட்டிக்கென்று ஒன்று உண்டு. கையில் எடுத்தால் வெறும் அட்டைப் பெட்டியைத் தூக்கியது போலிருக்கும். உள்ளே விறைப்பான ஒரு தகடு காலை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வாள். "இதைத் தினமும் போடாதீங்க. மூச்சு அந்த வேகத்துக்குப் பழகிடும், எலும்பு பழகாது."

வீட்டில் அவளை அக்கா என்று கூப்பிட ஒரே ஒரு ஆள் இருந்தாள். சலவைக்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள், அக்காவும் தங்கையும். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா இறந்தபோது தங்கைக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அந்த வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் தங்கை ஓடியதைப் பார்த்த யாரோ வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தார்கள். காலும் கையும் அப்படித்தான் இருந்தன. அம்மா போன துக்கத்தில் வாயே திறக்காமல் இருந்த பெண், ஓடிவிட்டு வந்த நாட்களில் மட்டும் இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள். அது போதும் என்று அக்கா அவளை ஓடவிட்டாள். இருபத்திரண்டு வயதில் வெட்டுக்கிளி அந்த நகரத்தின் நெடுந்தூர ஓட்டக்காரிகளில் முதல் ஐந்து பேரில் ஒருத்தி.

கடையில் வேலை செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விரும்பிய ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுதான் தருவார்கள். அக்கா இத்தனை வருடங்களில் ஒரு தடவைகூடத் தன் காலுக்கு எடுத்ததில்லை.

அந்த வருடம் ஒரு பெரிய தேர்வுப் போட்டி வந்தது. இருபத்தோரு கிலோமீட்டர் சாலை ஓட்டம். முதல் மூன்று பேரை ஒரு நிறுவனம் தன் ஓட்டக் குழுவில் சேர்த்துக்கொள்ளும். மாதச் சம்பளம், தங்க இடம், வைத்தியம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தங்கையின் தினசரி ஷூ அப்போது செத்துப்போயிருந்தது. அமுக்கினால் பழைய ரொட்டி மாதிரி உள்ளே போய் அப்படியே நின்றது. அவளுக்கு வேண்டியது தடித்த அடியுள்ள புது ஜோடிதான் என்று அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. தங்கை கேட்டது போட்டி ஷூவை.

மற்ற பெண்கள் எல்லோரிடமும் அது இருக்கிறது என்றாள். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து வினாடி குறையும், இருபத்தோரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று நீயே கணக்குப் போடு என்றாள். தினசரி ஓட்டத்துக்குப் பழையதே ஆகும், அதைத் தைத்து ஒட்டி இன்னும் இரண்டு மாதம் தள்ளிவிடலாம் என்றாள். மூன்று நாள் இதே பேச்சு. நான்காம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் அக்கா போட்டி ஷூவோடு வீட்டுக்கு வந்தாள். வாரம் ஒரு தடவை, அப்புறம் போட்டியன்று, அவ்வளவுதான் என்றாள். தங்கை அக்காவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். தங்கை ஷூவைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் துள்ள, கீழே சலவைக்கடைக்காரர் குச்சியால் கூரையைத் தட்டினார்.

அதன் பிறகு தங்கையின் நேரங்கள் குறைந்துகொண்டே வந்தன. அடுப்புக்கு மேலே காலண்டரில் பென்சிலால் எழுதி வைப்பாள். பயிற்சியாளர் ஒரு நாள் கடைக்கே வந்து, இந்தப் பெண் குழுவுக்குப் போவது நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா அன்று முழுவதும் வேலை செய்தாளா மிதந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிய அக்கா வாசற்கதவுக்குப் பக்கத்தில் அந்த ஷூக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். நாள் முழுவதும் ஷூக்களின் அடியைப் படிக்கிறவளுக்கு இதைப் படிக்க ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. முன்பக்கம் ரப்பர் போய், உள்ளேயிருந்த வெள்ளை தெரிந்தது. இது வாரம் ஒரு முறை போட்ட ஷூ இல்லை. தினமும் போட்டது. நானூறு கிலோமீட்டராவது ஓடியிருக்கும். முந்தின ஞாயிற்றுக்கிழமை தங்கை படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதும், கேட்டதற்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று சொன்னதும் நினைவுக்கு வந்தன.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். அக்கா காலண்டரைப் பார்த்தாள். இன்னும் மூன்றே வாரம். ஷூவை இருந்த மாதிரியே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று கடையில் இரண்டு பேரிடம், போட்டி ஷூவைத் தினமும் போடாதீர்கள் என்று வழக்கம்போலச் சொன்னாள்.

போட்டியன்று அக்கா பதினெட்டாவது கிலோமீட்டரில், ஒரு பெட்ரோல் பங்க்குக்கு எதிரே, தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். தங்கை மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். இரண்டாவதாகப் போனவள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தாள். அக்காவைத் தாண்டும்போது தங்கை சிரித்தாள்கூட. முப்பது அடி போயிருப்பாள். வாகனத்தில் அடிபட்டவள் போல இல்லை, யாரோ கூப்பிட்டதைப் போல நின்றாள். இடது காலை ஊன்றப் பார்த்தாள், முடியவில்லை. ஒற்றைக்காலில் இரண்டு தத்து தத்தி, சாலை ஓரத்தில் உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

பாதத்தின் நடுவில் படகு மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறதாம். அதற்குப் போகிற ரத்தமே குறைவாம், உடைந்தால் சேர நாளாகுமாம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இது இன்று உடைந்ததில்லை, பல வாரங்களாக விரிசல் விட்டுக்கொண்டே வந்திருக்கிறது, இரண்டு மூன்று வாரம் முன்னால் ஓய்வு கொடுத்திருந்தால்கூட தானாகச் சேர்ந்திருக்கும் என்றார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். இரண்டு திருகாணி வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து மறுபடி திறந்து, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம், ஓட முடியாது என்றார்கள்.

தங்கை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காலண்டரைக் கழற்றிப் பழைய பேப்பரோடு போட்டாள். ஊன்றுகோலை விட்டதும் ஒரு மருந்துக்கடையில் ரசீது போடும் வேலைக்குப் போனாள். நன்றாகத்தான் பேசினாள், சலவைக்கடைக்காரரின் புது மூக்குக் கண்ணாடி அவருக்கு ஆந்தைக் களை கொடுத்திருக்கிறது என்றுகூடச் சொன்னாள். அக்காதான் காத்திருந்தாள். என்றைக்காவது ஒரு நாள் இவள் திரும்பி, உனக்குத் தெரியாதா என்று கேட்பாள், அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அந்த நாள் வரவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா தானே ஆரம்பித்தாள்.

"உன் ஷூவை நான் பார்த்தேன். போட்டிக்கு மூணு வாரம் முன்னாடி. அடி தேஞ்சிருந்துச்சு. பார்த்துட்டும் கேக்கல."

தங்கை தலையணை உறையை நான்காக மடித்து வைத்தாள். "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீ பார்க்கணும்னுதான் கவுத்து வெச்சேன்."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். தங்கை அவளைப் பார்க்காமல், ஒவ்வொரு வார்த்தையாக யோசித்துப் பேசினாள்.

"அப்பவே வலிச்சுது. கோச்கிட்ட சொன்னா போட்டியிலேர்ந்து எடுத்துடுவாரு. உன்கிட்ட சொல்ல வாய் வரல, அவ்ளோ சந்தோஷமா இருந்தே. நீயா பார்த்துக் கேட்டுட்டா நிறுத்திடலாம்னு நெனச்சேன். தண்ணியத் திறந்து விட்டுட்டு, கதவிடுக்குல பார்த்துக்கிட்டு நின்னேன். நீ எடுத்துப் பார்த்தே. திரும்ப வெச்சுட்டுப் போயிட்டே. சரி, அக்காவுக்குத் தெரியாததா, அவளே ஒண்ணும் சொல்லலைன்னா ஓடலாம்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"உன்மேல கோவம் இல்லக்கா" என்றாள் தங்கை. "இருந்தா நல்லாருக்கும்னு சில நாள் தோணும்."

மிச்சத் துணிகளையும் மடித்து முடித்தாள். அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது. வரவில்லை. கீழே உலர்த்தும் இயந்திரம் ஓடி, தரை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். பழைய ஷூவைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, டாக்டரம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று ஆவலாகப் பார்த்தாள். அக்கா அதைத் திருப்பவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். முதலாளி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தாள். அன்றே, பின்னால் இருக்கும் கிடங்குக்குத் தன்னை மாற்றிவிடச் சொல்லிக் கேட்டாள். கொஞ்ச நாள் போகட்டும், சரியாகிவிடும் என்று முதலாளி சமாதானம் சொல்லிப் பார்த்தார். பிறகு சரி என்றார். இப்போது அவள் பெட்டிகளை அளவு வாரியாக அடுக்குகிறாள். கேட்ட எண்ணை எடுத்துக் கொடுக்கிறாள். யாருக்கு, எதற்கு என்று கேட்பதில்லை.

தங்கைக்கு வேறு ஊரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ரயிலில் ஆறு மணி நேரம். போகாதே என்று அக்கா சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் தங்கையும் நினைத்தாள் போல. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். கூட வேலை பார்க்கிறவள் விடும் குறட்டை, வீட்டுக்காரியின் பூனை, மழை என்று எல்லாம் பேசுவார்கள். போன மாதம் ஒரு ஞாயிறு, பேச்சு முடிந்து வைக்கப் போகிற நேரத்தில் தங்கை சொன்னாள்.

"நேத்து பஸ் கிளம்பிடுச்சுக்கா. பின்னாலயே ஓடினேன். ஏறி உட்கார்ந்த அப்புறம்தான் ஓடினதே தெரிஞ்சுது."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "வலிச்சுதா?"

"வலிச்சுது" என்றாள் தங்கை. "ஒரு இருபது அடிதான் இருக்கும். நல்லா இருந்துச்சு."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அங்கே அவள் அழத் தொடங்கியது அக்காவுக்குக் கேட்டது. காலுடைந்த நாளிலிருந்து அவள் அழுது அக்கா கேட்பது அதுதான் முதல் தடவை. அழட்டும் என்று, அக்கா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.