சபை கலையும்வரை

அவ்வா போர்வைக்குள் கையை விட்டு அப்பாவின் வலது முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள்.

“பேஷண்டைத் தொடக்கூடாதும்மா.”

“யாரு பேஷண்ட்? எட்டே முக்காலுக்குப் போன என் புருஷன் இவரு. கால மடக்கி உக்காத்தி வைக்கணும். இன்னும் நேரமாச்சுன்னா கட்டையாயிரும்.”

நர்ஸ் கட்டிலின் மறுபக்கம் நின்ற மகள் நீலாம்பிகையை ஒருமுறை பார்த்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டுப் போனாள். குழாய் வழியாகக் காற்று உள்ளே போய் வந்தது. அப்பா மல்லனகவுடாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. மணி ஒன்பதரை.

லிங்காயத்துகளில் செத்தவரைக் கிடத்தும் வழக்கம் கிடையாது. சம்மணம் கூட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, இடது உள்ளங்கையில் இலிங்கத்தை வைத்து உட்கார வைப்பார்கள். குழிக்குள்ளும் உட்கார்ந்தபடிதான். உடம்பில் சூடு இருக்கும்போதே காலை மடக்கிக் கட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரமானாலும் ஊருக்குக் கொண்டுபோகலாம். இவர்கள் ஊர் பீமா நதிக்கரையில், பெங்களூருவிலிருந்து பத்து மணி நேர ஓட்டம். ஆனால் உயிரோடு இருப்பதாகச் சொல்லப்படுகிற ஒருவரைச் சம்மணம் போட்டுக் கட்ட முடியாதல்லவா?

உயிரோடு இருப்பதாகச் சொல்ல வைத்தவர் அப்பா எம்.எல்.ஏ.வாக இருந்த எதிர்க்கட்சியின் கொறடா ருத்ரப்பா. சேதி போன பத்தாவது நிமிடம் வந்தார். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பொய்யழுகை என்று சொல்ல முடியாது, இருவருக்கும் முப்பது வருஷப் பழக்கம். கண்ணைத் துடைத்த கையோடு நீலாம்பிகையின் அண்ணன் சங்கனகவுடாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அவளும் கூடவே போனாள்.

“சங்கண்ணா, பதினோரு மணிக்கு சபை. இன்னிக்கு நம்பிக்கை வாக்கெடுப்பு. கவுட்ரு போயிட்டாருன்னு இப்ப வெளிய தெரிஞ்சா, சபாநாயகர் வந்து உக்காந்ததுமே இரங்கல் தீர்மானம் படிப்பாரு. ரெண்டு நிமிஷம் எல்லாரும் எழுந்து நிப்போம். அப்புறம் நாளைக்குன்னு ஒத்திவெச்சிட்டுப் போயிருவாங்க. இருக்கிற உறுப்பினர் செத்தா அன்னிக்கு வேற வேலை நடக்காது. மரபு அது.”

“நாளைக்கு நடக்கட்டுமே?” என்றாள் நீலாம்பிகை.

“தங்கச்சி, கவுட்ர விட்டுட்டே நம்ம பக்கம் நூத்திப்பன்னிரண்டு. அவங்க நூத்திப்பத்து. ஒரே ஒருத்தன் அந்தப் பக்கம் போனாக்கூட சமமாயிரும். சமமானா சபாநாயகர் ஓட்டு யாருக்குன்னு ஒனக்குத் தெரியாதா? ஒருத்தன வாங்க ஒரு ராத்திரி போதும். பதினஞ்சு நாளா நூத்திப்பன்னிரண்டு பேரையும் ரிசார்ட்ல பூட்டி வெச்சு சோறு போட்டுட்டு இருக்கேன்.”

“எவ்ளோ நேரம்?” என்று கேட்டான் சங்கண்ணா.

“ஒரு மணி. மிஞ்சினா ரெண்டு. டாக்டர்கிட்ட பேசிட்டேன்.” ருத்ரப்பா அவன் தோளில் கையை வைத்தார். “இடைத்தேர்தல்ல வேற பேரே வராது. அதுக்கு நான் பொறுப்பு.”

அந்தக் கையை அவன் தட்டிவிடுவான் என்று நீலாம்பிகை எதிர்பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அவ்வா என்ன சொல்றா தெரியுமாண்ணா? காலு...”

“அப்பா இருந்திருந்தா என்ன சொல்லுவார்னு நெனச்சுப் பாரு நீலா.”

அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். அப்பாவும் இதையேதான் சொல்லியிருப்பார். அவரும் ஒரு காலத்தில் கொறடாவாக இருந்தவர். மஞ்சள் காமாலையில் கிடந்த ஒரு உறுப்பினரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்து, மணி அடித்துக் கதவு மூடுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் சபைக்குள் சேர்த்தார். வரிசை வரிசையாக எழுப்பி எண்ணும்போது அந்த மனிதரை இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து நிறுத்தினார்களாம். அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சோள ரொட்டியைக் கத்திரிக்காய்க் குழம்பில் தோய்த்தபடி அப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவ்வா மட்டும் சிரித்ததில்லை.

பதினோரு மணிக்குச் சபை கூடியது. காத்திருக்கும் அறையின் டிவியில் எல்லாம் தெரிந்தது. எதிர்க்கட்சி வரிசையில் அப்பாவின் இடம் மட்டும் காலி. முதலமைச்சர் நம்பிக்கைத் தீர்மானத்தை முன்மொழிந்தார். பிறகு ஆரம்பித்தார்கள். ஆளுங்கட்சியில் இதுவரை வாயே திறக்காதவர்கள்கூட எழுந்து அரை மணி, முக்கால் மணி பேசினார்கள். ஒருவர் தம் தொகுதிக் கால்வாய்களை மதகு மதகாக வர்ணித்தார். இன்னொருவர் தம் பள்ளி வாத்தியார்களின் பெயர்களைச் சொன்னார். எதிர்ப்பக்கம் “ஓட்டுக்கு விடு, ஓட்டுக்கு விடு” என்று கத்தியது. சபாநாயகர் புன்னகையோடு அடுத்த பெயரை வாசித்தார்.

மணி ஒன்று ஆனது. இரண்டும் ஆனது.

“ஏன் இழுக்கறாங்க?” என்றாள் நீலாம்பிகை.

“மோப்பம் புடிச்சிட்டாங்க,” என்றான் சங்கண்ணா. “யாராவது வாயத் தொறக்க மாட்டாங்களான்னு நேரத்த ஓட்டறாங்க.”

இரண்டரைக்கு வருவாய் அமைச்சர் பூங்கொத்தோடு வந்து சேர்ந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கட்சிக்காரர்கள் பத்துப் பேர் கைகோத்து நின்றதால் உள்ளே போக முடியவில்லை. அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீலாம்பிகையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நல்லா இருக்கியாம்மா? உங்கப்பாவும் நானும் எதிரெதிர் பெஞ்ச்ல உக்காந்து இருபது வருஷம் சண்ட போட்டவங்க.” குரலைத் தாழ்த்தினார். “என் கழுத்துலயும் இலிங்கம் இருக்கு. அதனால கேக்கறேன். கால மடக்கிட்டீங்களா?”

காலையிலிருந்து அவள் இந்தக் கேள்வியை ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தாள். கேட்டவன் இவனா?

“ஒரு வார்த்த சொல்லு போதும். அஞ்சு நிமிஷத்துல சபைய ஒத்திவெச்சிருவோம். ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு பண்ணிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள ஊர்ல, உங்க வீட்டு முன்னால, ராஜா மாதிரி உக்காத்தி வெச்சிரலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தா மடங்கும்.”

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரோரம் அண்ணன் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. அமைச்சரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவின் சாவை இவனுக்கு எப்படித் தூக்கிக் கொடுப்பது? இவன் இன்று அதை வாங்கிக்கொண்டு போய், இரவோடு இரவாக யாரையாவது விலை பேசி, நாளைக்குச் சிரிப்பான். அப்பாவுக்குப் பிடிக்காத சிரிப்பு அது.

“அப்பா தூங்கறார்,” என்றாள்.

அமைச்சர் எழுந்தார். “அப்ப நல்லது. அவருக்காகப் பிரார்த்தன பண்றோம்னு சபையில சொல்லிடறேன்.”

சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து டிவியில், குரல் தழுதழுக்க, நமது அருமை நண்பர் மல்லனகவுடா பூரண நலம் பெற்று இந்த அவைக்குத் திரும்ப வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் மேஜையைத் தட்டினார்கள்.

நாலு மணிக்கு நீலாம்பிகை உள்ளே போனாள். அவ்வா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள் இப்போது கை இல்லை.

“தாடையத் தொட்டுப் பாரு,” என்றாள் அவ்வா.

தொட்டாள். கல்லாக இருந்தது. முழங்காலையும் தொட்டாள். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது.

“நீ சொல்லியிருக்கலாம்டி,” என்றாள் அவ்வா. “யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“நீ ஏன் சொல்லல?”

“என்ன யாரு கேட்டா?”



ஆறு மணி தாண்டி முதலமைச்சர் பதிலுரையை முடித்தார். முடிக்காமல் என்ன செய்வது, தொண்டை கட்டிவிட்டது. மணி அடித்தார்கள், கதவுகளை மூடினார்கள். தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் வரிசை வரிசையாக எழுந்து நின்றார்கள், பிறகு எதிரானவர்கள். சபை ஊழியர் ஒவ்வொரு வரிசையாக விரலை நீட்டி எண்ணிக்கொண்டே போனார். ஆதரவு நூற்றுப்பத்து, எதிர்ப்பு நூற்றுப்பன்னிரண்டு. அப்பாவின் வரிசையில் எண்ணிய விரல் அந்தக் காலி இடத்தைத் தாண்டிப் போனதை நீலாம்பிகை பார்த்தாள். அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு ஒன்றுதான். அவர் செத்தது தெரியாமல் இருந்ததுதான் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். எங்கிருந்தோ தார்வாட் பேடா இனிப்பு டப்பாக்கள் வந்துவிட்டன. ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன், அவனுக்கு எதுவும் தெரியாது, வாயெல்லாம் பல்லாக அவள் கையில் இரண்டு பேடாவைத் திணித்தான்.

“கவுட்ரு காதுல இந்த நியூஸப் போடுங்கக்கா. எழுந்து உக்காந்துருவாரு!”

மாலை ஆறு நாற்பதுக்கு உயிர் பிரிந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். குழாயை எடுத்தார்கள். ருத்ரப்பா இரண்டாவது முறையாக அழுதார். இந்த முறை கேமராக்கள் இருந்தன.

மறுநாள் காலை ஊரில் வீட்டு முற்றம் கொள்ளாத கூட்டம். திரை கட்டிய உள்ளறையில் சடங்கு செய்ய வந்த ஐயனவரு அப்பாவின் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சாயங்காலம் போனவரு கால் இப்படி இருக்காதே.”

சங்கண்ணா அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொன்னான். அவரும் மறுபடி கேட்கவில்லை. சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தார்கள். நாலு பேர் சேர்ந்து அழுத்தினார்கள். இடது கால் ஒரு சத்தத்தோடு மடங்கியது. அவ்வா எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வலது கால் பாதி மடங்கியது. வேட்டியால் கட்டினால் கட்டு வழுக்கியது. விட்டால் முழங்கால் மெல்ல மேலே எழும்பியது.

“பக்கத்துல ஒருத்தர் உக்காந்து புடிச்சுக்கிட்டே இருக்கணும்,” என்றார் ஐயனவரு. “மகன்தான் புடிக்கணும்.”

அப்பாவைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, தலைப்பாகை கட்டி, விபூதி பூசி, மடியில் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்கள். திரையை எடுத்ததும் கூட்டம் அழுதது. சங்கண்ணா பக்கத்தில் மண்டியிட்டு, சால்வைக்கு அடியில் வலது கையை விட்டு முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரத்தில் அவன் தோள் நடுங்கத் தொடங்கியது.

“நீலா, கொஞ்ச நேரம் புடிக்கிறியா?”

“நீயே புடிண்ணா,” என்றாள் அவள். அவன் பக்கம் திரும்பவில்லை.

பதினோரு மணிக்குப் பெங்களூருவில் சபை கூடி, இரங்கல் தீர்மானம் படித்து, இரண்டு நிமிடம் எழுந்து நின்று, ஒத்திவைத்துவிட்டுக் கலைந்ததாக யாரோ செல்போனைப் பார்த்துச் சொன்னார்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. நாளை முதலமைச்சராகப் பதவி ஏற்கப் போகும் கட்சித் தலைவர் வந்தார், பின்னால் ருத்ரப்பா. தலைவர் மாலை போட்டார், குனிந்து கும்பிட்டார். பிறகு சங்கண்ணாவின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். சங்கண்ணா எழவில்லை. கையும் வெளியே வரவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்தது.

“சார், எழுந்து தலைவருக்குக் கை குடுங்க,” என்று கேமராக்காரன் ஒருவன் கத்தினான். “பேப்பருக்கு வேணும்.”

தலைவரின் கை அந்தரத்தில் நின்றது. ருத்ரப்பா முகம் சுளித்தார். சங்கண்ணா தங்கையைப் பார்த்தான்.

நீலாம்பிகை மாலைகளை ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சால்வைக்கு அடியில் தன் கையை விட்டாள். அண்ணன் எழுந்து தலைவருக்கு இரண்டு கைகளையும் கொடுத்தான். விளக்குகள் பளிச்சிட்டன. அவள் உள்ளங்கைக்குக் கீழே அப்பாவின் முழங்கால் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.