ஒதுங்குகிற கால்

கூடைப்பந்தில் முப்பத்தெட்டுக்கு நான்கு என்று தோற்ற அன்றுதான் பூரணி டீச்சருக்கு விஷயம் பிடிபட்டது. அவளுடைய தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓடத் தெரியும், எறியத் தெரியும். மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்குத் தேத்தண்ணி தூக்கிப்போன கால்கள். லேசில் மூச்சு வாங்காது. ஆனால் சப்பாத்துப் போட்ட ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு எதிரே வந்தால் ஐந்து பேரும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

துரை வந்தால் ஒதுங்கு, கணக்கப்பிள்ளை வந்தால் ஒதுங்கு என்று நடை பழகும்போதே பழகின பழக்கம்.

"ஏன்டி ராக்காயி ஒதுங்குன?"

"சப்பாத்துக் காலோட வந்தாங்க டீச்சர்."

"வந்தாங்களா! உன் வயசுக்காரிடி அவ."

அதற்கு மேல் திட்ட பூரணிக்கு வாய் வரவில்லை. பத்து வருசத்துக்கு முன்னால், இன்றைக்குத் தோற்கடித்த அதே செயின்ட் வெரோனிக்கா பள்ளியில் அவள் உபகாரச் சம்பளத்தில் படித்தாள். கூடைப்பந்துக் குழுவிலும் இருந்தாள். மகள் ஆடுவதைப் பார்க்க அப்பா செல்லசாமி, தோளில் கம்பளியும் வெறுங்காலுமாக டிக்கோயாவிலிருந்து வந்தார். வாசல் பாதையில் விளையாட்டு டீச்சர் மிஸிஸ் றோலண்ட் எதிர்ப்பட்டதும், தலைப்பாவை அவிழ்த்துக்கொண்டு, பாதையோரம் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி நின்றார்.

"யார் அது?"

"எங்கப்பா, மிஸ்."

ஐந்து நிமிசத்தில் பூரணியின் ஏழாம் நம்பர் சட்டை வேறொருத்தி முதுகுக்குப் போனது. பூரணி கைக்கு, ஆடுகிறவர்களுக்கு இடைவேளையில் கொடுக்கும் தோடம்பழத் தட்டு வந்தது. "நீ இதைத் தூக்கு. உங்க ஆக்களுக்குத் தூக்கிப் பழக்கம்தானே."

பேராதனையில் பட்டம் வாங்கியவள் கொழும்பு வேலையை விட்டு அட்டனில் தோட்டப் பள்ளிக்கு வந்ததைச் சேவை என்றார்கள். சேவையாவது மண்ணாங்கட்டியாவது. அவளுக்கு வேண்டியது மிஸிஸ் றோலண்டின் முகம். அது தொங்குவதைப் பார்க்கவேண்டும்.

மறுநாளிலிருந்து பிள்ளைகளைத் தோட்டத்து ரோட்டில் நிற்கவைத்து, சப்பாத்து மாட்டிக்கொண்டு அவளே ஓடிவந்து இடித்தாள்.

"விழு, பரவாயில்ல. ஒதுங்காத! நீ அசையாம நிக்கிறப்ப அவ வந்து இடிச்சா தப்பு அவ மேல. அஞ்சு தப்புப் பண்ணினா அவ வெளிய."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "அப்படியும் ஒரு சட்டமா டீச்சர்? தோட்டத்துல இடிபட்டவ மேலதானே தப்பு!"

இரண்டு மாசம் கழித்துச் செயின்ட் வெரோனிக்கா மைதானத்திலேயே மறு ஆட்டம். அந்தக் குழுவின் உயிர் மிஸிஸ் றோலண்டின் மகள் ஜோசப்பின். அவள் பாய்ந்து வந்தபோது ராக்காயி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மோதிய மோதலில் உதடு கிழிந்தது. விசில் ஒலித்தது. தப்பு ஜோசப்பின் மேல்.

"தள்ளி நில்லுடி, கூலிச்சி!"

ராக்காயி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வாங்க வாங்க, இன்னும் நாலு இருக்கு."

ஐந்தாவது விசிலுக்கு ஜோசப்பின் அழுதுகொண்டே வெளியேறினாள். அவளுக்குப் பந்து கொடுத்தே பழகியவர்கள் திகைத்து நின்றார்கள். இருபத்திரண்டுக்கு இருபத்தொன்று என்று தோட்டத்துப் பிள்ளைகள் ஜெயித்தார்கள்.

பூரணிக்கு அது போதவில்லை.

திரும்பும்போது அதே வாசல் பாதை. ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் கான். எதிரே குடையோடு மிஸிஸ் றோலண்ட் வந்துகொண்டிருந்தாள். பத்து வருசம் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் பூரணியின் வலது கால், அவளைக் கேட்காமலே, கானை நோக்கி ஓரடி நகர்ந்தது.

யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். ராக்காயி. உதடு வீங்கிக் கிடந்தது.

"நில்லுங்க டீச்சர்."

பூரணி நின்றாள். பின்னால் பிள்ளைகளும் நின்றார்கள்.

"எக்ஸ்கியூஸ் மீ" என்றாள் மிஸிஸ் றோலண்ட். ஒருத்தியும் அசையவில்லை. அவள் திட்டைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். கடைசியில் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சப்பாத்தைக் கானுக்குள் வைத்தாள்.

"பார்த்து எறங்குங்க மிஸ், வழுக்கும்" என்றாள் பூரணி. "எங்கப்பா நின்ன எடம்."