பிரேக் சாரின் வலது கால்

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப் போயிருக்க, இவர் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு சாமியார் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வருவதை ஓட்டுகிறவர் பார்ப்பதற்கு முன்பே இவர் வலது கால் அதை அழுத்திவிடும். வண்டி குலுங்கி நிற்கும். "நானா சார் நிறுத்தினேன்?" என்று கேட்டால், "ஆமா, நல்லா நிறுத்தின" என்பார். ஊரில் அவருக்குப் பெயரே பிரேக் சார்தான்.

சிக்கல் என்னவென்றால், காரை விட்டு அவர் இறங்கினாலும் அந்தக் கால் இறங்குவதில்லை. டிவியில் கார் துரத்தும் காட்சி வந்தால் சோபாவில் இருந்தபடியே தரையை அழுத்தும். பஸ்ஸில் போனால் முன்சீட்டுக் கம்பியை மிதிக்கும். என் இஸ்திரிக் கடைக்கு இன்னொரு தேய்ப்பு மேஜை வாங்கலாமா என்று நான் வாயைத் திறந்தால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் செருப்பு கிறீச்சிடும். கல்யாணமான புதிதில் எனக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். தெருமுனை போவதற்குள் எத்தனை தடவை நின்றோம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

நான் துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறேன். லாட்ஜின் படுக்கை விரிப்புகள், ஆஸ்பத்திரி ஊழியர்களின் சீருடைகள், ஆபீஸ் சட்டைகள். நாள் முழுக்க நின்றபடி வேலை. மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் படம் தொங்குகிறது. லாட்ஜ்காரர் எந்தக் காலத்திலோ கொடுத்தது. தேதிகளைக் கிழித்து எறிந்தாயிற்று, படத்தை மட்டும் விட்டுவைத்தேன். சுற்றிலும் பனி மூடிய சிகரங்கள், நடுவில் ஓர் ஏரி. நீராவி பட்டுப் பட்டு ஏரியின் ஒரு பாதி பச்சையாகவும், மறு பாதி என்ன நிறமென்றே சொல்ல முடியாமலும் வெளுத்துப் போயிருக்கிறது. நிமிர்ந்தால் ஏரி, குனிந்தால் அடுத்தவர் சட்டை. இப்படியே என் வருஷங்கள் போயின. அந்த ஏரி நிஜத்தில் என்ன நிறம் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அது ஒன்றும் கடல் கடந்து இல்லை, எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மலையில்தான். வேனில் விடியுமுன் கிளம்பி மிச்சத்தை நடந்தால் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். ஆனால் கடை விட்டதா, இவர் விட்டாரா?

போன மாதம் என் வலது முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். நான் ஏரியைப் பற்றிக் கேட்டேன்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏறலாம், கடைல நிக்கலாம். மலையெல்லாம் மறந்துடுங்க. போகணும்னா அதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க. முட்டிக்கு உறை போட்டுக்கிட்டு, கோல் ஊன்றி, நிதானமா நடங்க. இதுக்கு மேல கெட்டுப்போக அதுல ஒண்ணும் மிச்சமில்ல" என்று சிரித்தார்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இவரும் இதே வார்த்தைகளைத்தான் கேட்டார். ஆனால் 'மறந்துடுங்க' என்ற இடத்திலேயே இவர் காது வண்டியை நிறுத்திவிட்டது போலிருக்கிறது.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால், ஏரிக்குக் கூட்டிப் போகும் இந்த வருஷத்தின் கடைசி நடை இருந்தது; அதில் இரண்டு இடம் பதிவு செய்தேன். அதற்குப் பிறகு பனி விழுந்து பாதையை மூடிவிடுமாம். மறுபடி திறக்க அடுத்த கோடை வர வேண்டும். சண்டைக்குத் தயாராக இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு விஷயத்தைச் சொன்னால், "போலாமே" என்றார் இவர். மேஜைக்கு அடியில் செருப்புகூடச் சத்தம் போடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது.

வேனில் எங்களோடு இன்னொருவர்தான் வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். முதுகுப்பையில் பாதிக் கடையைத் தூக்கி வந்திருந்தார். தலைவலிக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று, வாந்தி வராமலிருக்க ஒன்று. வழிகாட்டி முப்பது வயதுக்காரர், கழுத்தில் விசில் தொங்கியது. வேன் நின்ற இடத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்துச் சட்டம் சொன்னார்.

"பன்னெண்டு மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடுவோம். அதுக்கு மேல மேகம் இறங்கிடும், பாதை தெரியாது. ஏரி கூப்பிடு தூரத்துல இருந்தாலும் சரி, பேச்சே கிடையாது. நான் ஒரே ஆளு, அதனால யாரும் பிரிஞ்சு போகக்கூடாது. திரும்பினா எல்லாரும் ஒண்ணாத்தான் திரும்பணும்."

எனக்கு அது பிடித்திருந்தது. சாயங்காலம் தருகிறேன் என்றால் சாயங்காலம் துணி தருகிற ஆள் நான்.

"மெதுவா நடந்தாலே பன்னெண்டுக்கு ரொம்ப முன்னாடி ஏரியில இருப்போம்" என்றும் அவரே சொன்னார். அதற்குள் இவர் அவரைத் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். கழிப்பிடம் எங்கே என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

நடக்க ஆரம்பித்தோம். வழிகாட்டி முன்னால், அவருக்குப் பின்னால் இவர், அடுத்து நான், கடைசியில் மருந்துக்கடைக்காரர். முட்டி வலித்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேஜைக்கு முன்னால் நாள் முழுக்க வலிக்கிற அதே வலிதான். புதிதாக ஒன்றுமில்லை. காற்று மெலிந்திருந்தது, நாலு எட்டுக்கு ஒரு மூச்சு. அதற்கும் பழகிக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டியை ஓட்டுகிற மாதிரி ஒரே சீராகக் காலை எடுத்து வைத்தேன்.

ஆனால் நடக்க விட்டால்தானே!

முதல் வளைவில் நின்றோம். தண்ணீர் குடிக்கச் சொன்னார் வழிகாட்டி. அடுத்த வளைவில் ஷூ நாடாவை இறுக்கச் சொன்னார். என் நாடா இறுக்கமாகத்தான் இருந்தது, அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். ஒரு பாறையைக் காட்டி, பார்க்கக் கரடி மாதிரி இல்லையா என்றார். எனக்குப் பாறை மாதிரித்தான் இருந்தது. "தலை சுத்துதா அக்கா? வாந்தி வருதா?" என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிஸ்கட் சாப்பிட ஒரு நிறுத்தம், பிஸ்கட் செரிக்க ஒரு நிறுத்தம். சூடு பிடித்த கால் ஒவ்வொரு தடவையும் ஆறிப்போய், மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போனது.

"தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன். நடக்கலாமே" என்றேன்.

"அவசரப்படக்கூடாதுக்கா. மலை எங்க போகப்போகுது?"

மலை எங்கும் போகாது. மணிதான் போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலை ஓடவிடவும் ஆளில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உற்சாகமாகப் பையைத் திறந்தார். காலையிலிருந்து இவர் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்ததால், "குளிர் காத்து சார், தொண்டைல பிடிச்சிருச்சு" என்று இவருக்கு ஒரு மிட்டாய் மாத்திரை கொடுத்தார். இவர் அதை வாயில் போட்டுக்கொண்டும் செருமினார்.

கடைசி ஏற்றம் கண்ணில் பட்டது. கல்லும் சரளையுமான ஒரு மேடு, அதன் உச்சியில் வெறும் வானம். "அதுக்கு அந்தப் பக்கந்தான் ஏரி" என்றார் வழிகாட்டி. மேட்டிலிருந்து வேறொரு கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் கிளம்பி, காலையிலேயே எங்களைத் தாண்டிப் போனவர்கள். ஒரு பெண் முகமெல்லாம் சிவந்து பூரித்துப்போய் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, அந்தக் கலர் இருக்கே, அப்படியே..."

"சொல்லாதேம்மா!" என்று காதைப் பொத்திக்கொண்டேன். போனை நீட்டினாள். கண்ணையும் மூடிக்கொண்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து "அடேங்கப்பா" என்றது மட்டும் காதில் விழுந்தது.

கண்ணைத் திறந்து மேட்டைப் பார்த்து நடந்தேன். இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அப்போதுதான் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த இவருடைய வலது கால் சரளையில் ஊன்றி, அழுந்தி, இரண்டு கல் பெயர்ந்து உருண்டு என் ஷூவில் வந்து இடித்தது. அந்தக் காலை எனக்குத் தெரியாதா? அழுந்தின கையோடு "க்கும்" என்று ஒரு செருமல். உடனே வழிகாட்டி நின்றார்.

"ஒரு சின்ன ரெஸ்ட் எடுத்துக்கலாம்" என்றார்.

காலையிலிருந்து நின்ற இடமெல்லாம் ஒவ்வொன்றாக என் மண்டையில் வரிசை கட்டியது. கரடிப் பாறை. பிஸ்கட். நாடா. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு செருமல்.

"தம்பி, வேன் பக்கத்துல வெச்சு இவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

வழிகாட்டி இவரைப் பார்த்தார். இவர் தூரத்துச் சிகரத்தைப் பார்த்தார்.

"அக்கா... உங்களை மேல போகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். நீங்க கேக்க மாட்டேங்கறீங்களாம். வேணாம்னு சொன்னா மனசு ஒடஞ்சுடுவீங்க, அதனால அங்கங்க நிறுத்திக் கூட்டிட்டுப் போங்க, பன்னெண்டு மணி ஆனதும் நேரமாயிடுச்சேன்னு அவங்களே திரும்பிடுவாங்கன்னு சொன்னார். நான் செருமினா நிறுத்துங்கன்னார். நல்லதுக்குத்தானேன்னு..."

"டாக்டர் போயிட்டு வாங்கன்னுதான் சொன்னார்."

வழிகாட்டியின் முகம் செத்துப்போனது. "என்ன சார் இது?" என்றார்.

"அவளுக்கு முடியாதுப்பா. ராத்திரி அவ முனகறது உனக்குத் தெரியுமா? மேல போய் விழுந்துட்டா யார் தூக்கறது?" என்றார் இவர்.

"விழுந்தா நான் விழுந்திருப்பேன்!" என்று கத்தினேன். மலையே திரும்பிப் பார்த்திருக்கும். "நானே திரும்பினதா நான் நினைச்சுக்கணும், அப்படித்தானே? நல்லா நிறுத்தினேன்னு வீட்டுக்குப் போய் முதுகுல தட்டிக் கொடுத்திருப்பீங்க!"

மருந்துக்கடைக்காரருக்கு முதல் தடவையாகக் கொடுக்க மாத்திரை இல்லை. "அப்ப எனக்கும் ஏரி கிடையாதா சார்?" என்று இவரைப் பரிதாபமாகக் கேட்டார்.

"இப்பப் போகலாம், வாங்க" என்று நான் கோலை ஊன்றினேன். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். மேட்டின் உச்சியைக் காணவில்லை. மேகம் அதற்குள் மேலே உட்கார்ந்துவிட்டிருந்தது.

"முடியாதுக்கா. மணி ஆயிடுச்சு. இதுக்குள்ள உங்களைக் கூட்டிட்டுப் போனா நான் மனுஷனே இல்ல. காலைல நின்ன நேரத்துக்கு நாம ஏரிக்குப் போய், உக்காந்து டீ குடிச்சுட்டே வந்திருக்கலாம். என் தப்புத்தான்."

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மேகத்தைப் பார்த்து நின்றேன். வெள்ளையாக, தேய்த்து மடித்த விரிப்பு மாதிரி கிடந்தது. அழுகை வந்தது, அழுதேன். யார் பார்த்தால் என்ன?

இறங்க ஆரம்பித்தபோதுதான் முட்டி தன் வேலையைக் காட்டியது. ஏறும்போது வலித்ததெல்லாம் வலியே இல்லை. ஒவ்வொரு படி இறக்கமும் முட்டிக்குள் ஆணி அடித்தது. இவர் கையை நீட்டினார். நான் மருந்துக்கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியா, இதுக்குத்தான் நான் அப்பவே..." என்று இவர் ஆரம்பித்தார்.

நின்றேன். அன்றைக்கு நானாக நின்ற ஒரே இடம் அதுதான்.

"ஏரியைப் பார்த்துட்டு இறங்கியிருந்தாலும் இதே வலிதாங்க. வலி முழுசா வந்துடுச்சு. ஏரி மட்டுந்தான் வரல."

மருந்துக்கடைக்காரரின் கையை இறுக்கிக்கொண்டு மறுபடி இறங்கினேன். வேன் வரைக்கும் ஒரு செருமல்கூட இல்லை.

வேனில் இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஃபிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீரைத் துண்டில் ஊற்றிப் பிழிந்து என் முட்டியில் வைத்தார். ராத்திரியில் நான் முனகினால் தூக்கத்திலிருந்து எழுந்து ஒத்தடம் கொடுக்கிறவர் இவர்தான். அந்தப் பாசம் பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

மருந்துக்கடைக்காரர் மெல்ல என் பக்கம் திரும்பி, "மேடம், அந்தப் போட்டோல பார்த்தேனே, கலர் என்னன்னு வேணா..." என்றார்.

"மூச்!" என்றேன்.

பிறகு முன்சீட்டிலிருந்த வழிகாட்டியைக் கூப்பிட்டேன். "தம்பி, அடுத்த வருஷம் முதல் நடை எப்போ?"

"பனி கரைஞ்சு பாதை திறந்ததும்க்கா."

"எனக்கு ஒரு இடம் போட்டுக்கங்க. ஒண்ணே ஒண்ணு."

இவர் ஒத்தடத் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அடுத்த வருஷமா? அதான் ஆபரேஷனுக்கு அப்புறம் போகக்கூடாதுன்னு..."

நான் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். அடுத்த வாரம் முட்டி ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருப்பதைச் சொன்னேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடி, இருக்கிறது என்றாள்.

"அதைத் தள்ளி வைக்கணும்மா."

"எவ்வளவு நாள் மேடம்?"

"அடுத்த கோடை முடியறவரைக்கும்."

"ஏய், உனக்கென்ன பைத்தியமா?" என்று இவர் போனைப் பிடுங்க வந்தார். நான் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டேன். "இன்னும் ஒரு வருஷம் இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படி நிப்ப? நீ துடிக்கறதைப் பார்க்க முடியலன்னுதானேடி நான் இவ்வளவும் பண்ணேன்!"

"மேடம், டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. அவ்வளவு நாள் வலி தாங்குவீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"தாங்கிக்கறேன்."

"அப்ப இந்தத் தேதியைக் கேன்சல் பண்ணிடவா?"

இவருடைய வலது கால் வேனின் தரையை அழுத்தியது. ஷூ கிறீச்சிட, முழு பலத்தையும் போட்டு அழுத்தியது.

"பண்ணிடுங்க" என்றேன்.

வேன் நிற்காமல் அடுத்த வளைவில் திரும்பி இறங்கியது.