இடக்கைச் சுற்று

எங்கள் லோத்குண்டா ஏரியா நாட்டுக்கோழிக் கடையில் கறி வாங்காமல் சேவலின் கழுத்து இறகை மட்டும் கேட்டு நிற்கிற ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். கடைக்காரருக்குச் சிரிப்பு. எனக்குத்தான் மானம் போகிறது.

இறகு என் வீட்டுக்காரர் ஸ்டான்லிக்கு. வருஷா வருஷம் ஏப்ரலில் சிநேகிதர் ஜேம்ஸோடு ஊட்டிக்குப் போய் டிரவுட் மீன் பிடிப்பார். புழுவெல்லாம் கிடையாது. கொக்கியில் கம்பளி நூலைச் சுற்றி, இறகை வைத்துக் கட்டி, பூச்சி மாதிரி செய்கிற ஃப்ளைதான். பக்கவாதத்தில் இவருக்கு இடது கை விழுந்த பிறகு ஜேம்ஸ் ஒரு நிபந்தனை போட்டார். "நீயே ஒரு ஃப்ளை கட்டு. நான் இழுத்தும் அவுறலன்னா கூட்டிட்டுப் போறேன்."

தினமும் மத்தியானம் கவ்வியில் கொக்கியை மாட்டிக்கொண்டு உட்காருவார். வலது கை சுற்றும். இடது கை நூலை இறுக்கிப் பிடிக்காது. இறகு பொலபொலவென்று உதிரும். திட்டு எனக்கு. குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, திட்டும் வாங்கி, சத்தியமாய் அலுத்துவிட்டது. கர்த்தரே, ஒரே ஒரு வாரம்! அவர் ஊட்டியில் இருக்கும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். அதற்காகத்தான் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் அவர் கட்டிய ஃப்ளை ஒன்றை அவிழ்த்து நானே கட்டினேன். பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஜேம்ஸ் வந்தார். இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"அட, அசையலையே! பெட்டியக் கட்டு, ஸ்டான்லி."

எனக்கு அப்போதே கண் சொக்கியது.

ஸ்டான்லி அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். நான் இடதுகைக்காரி. நூல் அவர் சுற்றுகிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக ஓடியிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"இது என் கை இல்ல, ஜேம்ஸ். சுந்தரி கட்டுனது."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"நான் ஊட்டிக்குப் போகணும்னு என்னைவிட இவளுக்குத்தான் ஆசை, பாத்தியா?" அவர் ஃப்ளையைத் தூக்கிக் காட்டினார். "டிக்கெட் ரெண்டு பேருக்கும் சேத்துப் போடு. இவ இல்லாம நான் வரல."

"நக்கோ, வேணாம் அண்ணே, நான் எதுக்கு..." என்று ஆரம்பித்தேன். ஜேம்ஸ் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

ஸ்டான்லி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். சொன்னபடி கேட்காத அந்த இடது கையால் ஃப்ளையை என் சேலைத் தலைப்பில் குத்திவிடப் பார்த்தார். தவறியது. மறுபடியும் தவறியது. அவர் விரலுக்கு எட்டும்படி தலைப்பை இழுத்து நீட்டிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.