சி டிரைவ் இல்லாத கணினி

ஹசீனா ஸ்கூட்டரை உப்பளத்து ஓரம் நிறுத்தியபோது மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று வாரமாக வாரிச் சேர்த்த உப்புக் குவியல்கள் பாதிக்குப் பாதி கரைந்து கிடந்தன. தார்ப்பாய்கள் கொட்டகையில் மடித்தபடியே இருந்தன. சைரன் அடிக்கவே இல்லை.

மழைக்கு அரை மணி முன்பே சைரனை அலற வைக்கும் புரோகிராம், அவள் வேலை பார்க்கும் குயிலாப்பாளையத்துக் கம்பெனி செய்து கொடுத்தது.

"சிஸ்டம்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. இந்தப் பொண்ணுதான் போன வாரம் எதையோ மாத்திடுச்சு" என்று கூடி நின்ற உப்பளத்துக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார் கம்பெனி மேனேஜர் சகாயராஜ்.

ஹசீனாவுக்குக் காதெல்லாம் கொதித்தது. அவள் எதையும் மாற்றவில்லை. மாற்றட்டுமா என்று கேட்டபோது விடாதவரே அவர்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், பம்ப் ரூமில் இருந்த விண்டோஸ் கணினி உப்புக் காற்றில் துருப்பிடித்துச் செத்துப்போனது. அந்த இடத்தில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட சின்னக் கணினி ஒன்றை வைத்தார்கள். புரோகிராம் பைத்தான் மொழியில் எழுதியது. சைரனை இயக்கும் கோப்புகள் பைத்தானின் சொந்த ஃபோல்டருக்குள் இருந்தன. அந்த ஃபோல்டர் சி டிரைவில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று சகாயராஜ் புரோகிராமுக்குள் கையாலேயே எழுதி வைத்திருந்தார். லினக்ஸில் சி டிரைவ் என்று ஒன்று கிடையவே கிடையாது.

அன்றைக்கே அவள் சொன்னாள். "சார், இடத்த நாம எழுதி வைக்கக் கூடாது. பைத்தானையே கேட்டா, எந்த மெஷின்ல இருந்தாலும் தன் ஃபோல்டர் எங்கன்னு அதுவே சொல்லிடும். நாலே வரிதான்."

அவர் சுவரிலிருந்த ஸ்விட்சை அழுத்திக் காட்டினார். சைரன் அலறியது. "அடிக்குதுல்ல? ஓடுறத நோண்டாத."

ஸ்விட்ச் நேராகச் சைரனுக்குப் போகிறது, புரோகிராம் வழியாக இல்லை. அதை அன்று அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்றுதான் முதல் மழை.

இப்போது யாரையும் கேட்காமல் பம்ப் ரூமுக்குள் போனாள். காலை ஒன்பது மணிக்குப் பதிவாகியிருந்த பிழையைத் திரையில் திறந்து, மானிட்டரை வாசல் பக்கம் திருப்பினாள்.

"எல்லாரும் பாருங்க. மழை வரப்போவுதுன்னு புரோகிராமுக்குத் தெரிஞ்சிருக்கு. சைரன் கோப்ப சி டிரைவ்ல தேடிட்டு, கிடைக்கலன்னு நின்னுடுச்சு. நான் மாத்தியிருந்தா அடிச்சிருக்கும்!"

"ஹசீனா, இதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்றார் சகாயராஜ்.

"என் மேல பழி போட்டது மட்டும் இங்க வச்சுத்தானே சார்?"

கூட்டத்திலிருந்து அமராவதி முன்னால் வந்தாள். பன்னிரண்டு வருஷமாக இங்கே உப்பு வாருகிறவள். கையில் உப்பு வாரும் பலகை, முழங்கால்வரை சேறு.

"அவரு சொன்னது பொய்தான். ஆனா ரெண்டு மாசமா உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"வாரா வாரம் இங்க வந்து போன. மெஷின் அடிக்காதுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வானத்த பாத்து நாங்களே மூடியிருக்க மாட்டோமா? அத நம்பித்தானே உள்ள கஞ்சி குடிச்சிட்டிருந்தோம்!"

சகாயராஜ் மேல் ஹசீனாவுக்கு இருந்த கோபம் அப்படியே இருந்தது. அதே அளவு கோபம் இப்போது தன் மேலும் வந்தது.

உட்கார்ந்து நாலு வரியை எழுதினாள். சோதித்துப் பார்க்க, புரோகிராமுக்குப் பொய்யாக ஒரு மழைத் தகவலைக் கொடுத்தாள். ஸ்விட்சை யாரும் தொடவில்லை, சைரன் அலறியது. பிறகு உப்பளத்துக்காரர்களின் சொசைட்டி ஆபீசில் இருந்த விண்டோஸ் கணினியில் ஓட்டினாள். அங்கே பைத்தான் டி டிரைவில் இருந்தது, அதையும் கண்டுபிடித்தது. சகாயராஜின் மேக் லேப்டாப்பையும் கேட்டு வாங்கிச் சோதித்தாள். அவர் எடுத்துக் கொடுத்தார், அதிலும் கண்டுபிடித்தது.

"ரிப்போர்ட் நான் எழுதிக்கிறேன்" என்றார் அவர்.

"வேணாம் சார், நான் எழுதுறேன். நீங்க மாத்த விடலன்னும் எழுதுவேன், நான் வாய மூடிட்டு இருந்தேன்னும் எழுதுவேன்."

வெளியே அமராவதி மிச்சமிருந்த உப்பைச் சேற்றிலிருந்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். சைரன் அலறியபோதுகூட அவள் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. ஹசீனா செருப்பைக் கழற்றிவிட்டு, மிச்ச உப்பை மூடக் கொட்டகைத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை எடுக்க யாரும் வரவில்லை. தனியாகவே இழுத்தாள்.