ஐஸ் வண்டியில் பதினான்கு நிமிடங்கள்

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. "சனிக்கிழமை என்ன நடந்ததுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு வெர்னா" என்று எங்கள் ஊர் ஐஸ் அரங்கக் குழு கேட்டது. அதைப் படித்த பிறகுதான் நான் இனிமேல் ஐஸ் வண்டி ஓட்டலாமா கூடாதா என்று வாக்கெடுப்பார்களாம். பத்தொன்பது வருடங்களாக ஹாக்கி ஆட்ட இடைவேளைகளில் பனித்தரையை அந்த வண்டியால் சுரண்டி, வெந்நீர் விட்டு, பளபளவென்று ஆக்கிக் கொடுப்பவள் நான். கனடாவின் சஸ்காட்செவானில் எங்களுடையதைப் போன்ற சின்ன ஊரில் இதைவிடப் பெரிய பதவி கிடையாது. மேயர் நடந்து போனால் யாரும் கை தட்டுவதில்லை.

ஆகவே வாசகர்களே, அதாவது குழு உறுப்பினர்களே, முதல் வரி:

"வால்டர் வண்டியில் ஏறியபோது அவருடைய ரத்தச் சர்க்கரை..."

சே, வேண்டாம். (வால்டர் என்று யாரும் இல்லை. பழியை ஒரு ஆம்பிளை தலையில் கட்டிப் பார்ப்போமே என்று நினைத்தேன். மீசைகூட வைத்துவிட்டேன்.) ஓட்டியது நான்தான். நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள்.

2

காலையில் இன்சுலின் போட்டேன். வாசலில் ஒரு மணி நேரம் பனி வாரினேன். அரங்கத்துக் கேன்டீனில் டீனா வறுத்த உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டு நீட்டியபோது இடைவேளை மணி அடித்துவிட்டது. "வந்து சாப்பிடறேன்டி" என்று ஓடினேன். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஓடுவது, என்னைப் போன்ற சர்க்கரைக்காரி செய்யக்கூடாத ஒரே காரியம்.

இங்கே கொஞ்சம் வாத்தியார் வேலை பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூளைக்குத் தீனி சர்க்கரைதான். அது குறைந்தால் ஞாபகம் போகும், கணக்கு போகும், வாய் குழறும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. 'உனக்கு என்னவோ ஆகிறது' என்று உள்ளேயிருந்து சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரே, அவர்தான் முதலில் மூட்டை கட்டுகிறார். முன்பெல்லாம் எனக்குக் கை நடுங்கும், வியர்க்கும். இருபத்தெட்டு வருடத்தில் உடம்புக்கே அலுத்துப்போய், இப்போது சொல்வதை நிறுத்திவிட்டது.

3



(எதுவும் விட்டுப்போகவில்லை. அந்தப் பதினான்கு நிமிடங்களில் என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.)

4

மிச்சத்தை டீனாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"நடுவுல இருக்கற நீல வட்டத்தையே சுத்திக்கிட்டிருந்தேடி. பதினோரு சுத்து! தண்ணிய வேற திறந்து விட்டுட்டே. ஐஸ் இட்லி மாதிரி உப்பிப் போச்சு."

(அவள் 'பெரோகி மாதிரி' என்றாள், அது இங்கத்துக் கொழுக்கட்டை. இட்லி என்று மாற்றியது நான். கதை என்னுடையது.)

"யாரும் நிறுத்தச் சொல்லலையா?"

"எங்க சொன்னாங்க? ஏதோ வேடிக்கை காட்டறேன்னு எல்லாம் எழுந்து நின்னு கை தட்டுது. பாட்டு வேற போட்டுட்டானுங்க. உன் மூஞ்சியப் பாத்ததும்தான் எனக்குப் புரிஞ்சுது. செருப்போட ஜூஸ் டப்பாவத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தேன். ஏறினா நீ என்ன சொன்னே தெரியுமா?"

"என்ன சொன்னேன்?"

"'டிக்கெட் எடுத்தியா? இறங்குடி கீழே'ன்னே! நான் நல்லாத்தான் இருக்கேன்னு சத்தியம் வேற பண்ணே. அப்புறம்தான் வண்டிய அணைச்சேன்."

பிறகு சர்க்கரை பார்த்தால் 2.1. இங்கத்து அளவில் நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து.

5

என் கணவர் லைல்தான் அந்த வண்டிக்கு மெக்கானிக். சமையலறையில் என் தோளுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் படித்தார்.

"இதையெல்லாம் எதுக்கு எழுதறே? பெடல் சிக்கிக்கிச்சுன்னு ஒரு வரி போடு. நான் கையெழுத்துப் போடறேன்."

"பொய்யில்ல அது?"

"என் மேலதானே பழி வரும்? திட்டட்டும். பத்தொன்பது வருஷமா உனக்கு அந்த வண்டின்னா உசுரு."

எனக்கு அழுகை வந்தது. எழுதியும் பார்த்தேன்:

"எதிர்பாராத விதமாக பெடல் சிக்கிக்கொண்டதால்..."

இந்த வரியை முடிக்க முடியவில்லை. காரணம், டீனா சொன்ன இன்னொரு விஷயத்தை நான் நாலாம் பகுதியில் மறைத்துவிட்டேன். ஆறாவது சுற்றில் இடைவேளை முடிந்துவிட்டது என்று நினைத்து யாரோ கதவைத் திறக்க, எட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஐஸில் இறங்கிவிட்டார்கள். ஒருத்தியின் கோச், சட்டைக் காலரைப் பிடித்து அவளைப் பின்னால் இழுத்திருக்கிறார். வண்டி ஒரு முழத் தூரத்தில் போனதாம். நான் சிரித்துக்கொண்டிருந்தேனாம்.



6

இனி முடிவு. உங்களில் மூன்று பேர் 'ஓட்டட்டும்', மூன்று பேர் 'வேண்டாம்' என்று டீனா துப்பு கொண்டுவந்தாள். ஏழாவது உறுப்பினர் நான். சொந்த வழக்கில் வாக்களிக்கக்கூடாது என்று நம் விதிப்புத்தகத்தில் எழுத யாருக்கும் தோன்றவில்லை, நமக்குத்தான் தெரியுமே.

நேற்று சாயங்காலம் என் வாக்கை எழுதி, உறையில் போட்டு, ஒட்டி மேஜையில் வைத்திருக்கிறேன். உறைமேல் இருப்பது என் கையெழுத்துதான். லைல் வந்து பார்த்தபோது நான் வெறுமனே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். கருவி 2.6 காட்டியது.

உள்ளே என்ன எழுதினேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை.

பிரித்துப் பார்த்துவிடலாம் என்று லைல் சொன்னார். கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று எனக்கும் தோன்றியது. இப்போது என் சர்க்கரை 6.3, புத்தி தெளிவாக இருக்கிறது. தெளிவான புத்தியில் என்ன எழுதுவேன் என்று எனக்குத் தெரியும்: 'ஓட்டட்டும்.' எனக்கு அந்த வண்டி வேண்டும்.

அந்த ஆசையை நம்ப முடியாது, அதனால் உறையைத் தொடவில்லை, இதோடு இணைத்திருக்கிறேன். உள்ளே 'ஓட்டட்டும்' என்று இருந்தால் எண்ணாதீர்கள், சர்க்கரை குறைந்தவள் எழுதியது. 'வேண்டாம்' என்று இருந்தால் அதுவும் அவள் எழுதியதுதான். ஆனால் அவளுக்கு என்னைவிடத் துணிச்சல் அதிகம், அதை எண்ணிக்கொள்ளுங்கள்.

நீங்களே பிரியுங்கள்.